ஒட்டக்கா உரித்த தாள்கள்

செவ்வாய், சனி என்றால் ஒட்டக்காவின் முழங்கால் காலையிலேயே முனக ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு நாளும் இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே இருபத்திரண்டையும் ஏற வேண்டும். நகராட்சி அலுவலகத்தின் அடித்தளத்தில் இருக்கும் அந்த அறைக்கு லிஃப்ட் கிடையாது. இத்தனைக்கும் அவளுடைய வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கிய மனுஷன், கட்டிய மனைவி மட்டும் படியேறி மூச்சு வாங்குகிறாள் என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார்.

"இன்னிக்கும் செத்தவங்க வீட்டுக்கா?" என்பார், அவள் பையை எடுத்ததும்.

"ஆமா. உயிரோட இருக்கிறவங்க வீட்டுல எனக்கு ஒரு வாய் டீ போட்டுத் தர ஆளில்லையே."

அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் பதில் சொல்ல முடியாத இடம் வந்தால் அவர் செய்வது அதுதான்.

சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் ஒட்டக்கா. பெல்ட்டில் வரும் அட்டைப்பெட்டியின் வாயை மூட வேண்டும், டேப்பை ஒரே இழுப்பில் இழுத்து ஒட்ட வேண்டும், நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு பெட்டி. வேலையை விட்டு வந்த அன்று ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு பெட்டி சோப்பும் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியும் அவளே ஒட்டியதுதான், ஒட்டின லட்சணத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம் அவளுக்குப் பல்வலி வந்தது. அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பல் டாக்டர், ஊரின் பழைய குடும்பத் தாள்களைக் காப்பாற்ற ஒரு குழு சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சம்பளம் கிடையாது, டீ மட்டும் உண்டு, வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்று அவள் பல்லைக் குடைந்துகொண்டே சொன்னார். வாயைத் திறந்து வைத்திருக்கும்போது யாராலும் 'முடியாது' என்று சொல்ல முடியாது. குழுவில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் அந்த நாற்காலியில் பிடிபட்டவர்கள்தான்.

குடும்பத் தாள் என்றால் வேறொன்றுமில்லை. அந்தக் காலத்தில் நகராட்சி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெரிய தாள் வைத்திருந்தது. மேலே தெருவும் கதவு எண்ணும். கீழே குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர்கள். யார் பிறந்தார்கள், யார் போனார்கள், எந்த வருடம் வீட்டைக் காலி செய்தார்கள் எல்லாம் அந்த ஒரே தாளில். குமாஸ்தா மையில் பெயரை எழுதுவார். பின்னால் சரிபார்க்க வருகிற அதிகாரி, ஓரத்தில் பிறந்த வருடத்தையும் ஆணா பெண்ணா என்பதையும், இறந்திருந்தால் அந்த வருடத்தையும் பென்சிலால் குறிப்பார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, தாள்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி அடித்தளத்தில் போட்டார்கள். குழாய் கசிந்தது, எலி வந்தது, மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. குழு உள்ளே போனபோது பதினோராயிரம் தாள் இருந்தது. பாட்டனார் பெயரைத் தேடி, பிரிந்துபோன பெரியப்பாவைத் தேடி வருகிறவர்களுக்கு ஊரில் வேறு போக்கிடம் கிடையாது.

முதல் நாள் ஒரு தாளைக் கையில் எடுத்ததும் அது இரண்டாகப் பிரிந்து விழுந்தது. சுற்றி நின்றவர்கள் 'ஐயோ' என்றார்கள். ஒட்டக்கா 'ஐயோ' என்று சொல்லவில்லை. "டேப் இருக்கா?" என்று கேட்டாள்.

டாக்டரே போய் வாங்கி வந்தார். இருக்கிறதிலேயே நல்ல டேப்பாக, இரண்டு விரல் அகலத்தில், ஒரு டஜன். அன்றைக்கு அவள் கை செய்த வேலையைப் பார்த்து மற்ற எட்டு பேரும் தங்கள் வேலையை மறந்துவிட்டார்கள். கிழிந்த இரண்டு விளிம்பையும் எழுத்தோடு எழுத்து பொருத்துவாள். பாதி வளைவு இந்தப் பக்கம், மீதி வளைவு அந்தப் பக்கம், ஒரு நூல் பிசகாது. பிறகு ஒரே ஒட்டு, கட்டைவிரலால் ஓர் அழுத்து. முதல் நான்கு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு தாள் ஒட்டினாள். அவளுடைய சொந்தப் பெயர் அந்த அறையில் அப்போது தொலைந்ததுதான். அவளைவிட ஏழு வயது மூத்த டாக்டரும் "ஒட்டக்கா" என்றார். கழுத்தில் மாலை போடாத குறையாகக் கொண்டாடினார்கள், அவளும் கொஞ்சம் மிதந்தாள். கம்பெனியில் இருபத்தொன்பது வருடத்தில் ஒரு சூப்பர்வைசர்கூட அவள் ஒட்டியதைப் பார்த்து 'அடடா' என்று சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பெரிய ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து காகிதம் பழுதுபார்க்கிற அம்மா ஒருத்தியைப் பயிற்சி கொடுக்க டாக்டர் வரவழைத்தார். அந்த அம்மா காலையிலிருந்து எல்லாவற்றையும் மெச்சிக்கொண்டே வந்தவள், ஒட்டக்காவின் அலமாரியைத் திறந்து முதல் தாளைத் தூக்கியதும் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாவது தாள், மூன்றாவது தாள். டேப் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, விளிம்பில் பசை கசிந்து பிசுபிசுத்திருந்தது. பழுப்புக்கு அடியில் எழுத்து மங்கியிருந்தது, சில இடத்தில் இல்லவே இல்லை. அதை ஒட்டக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தாள் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா டாக்டரையும் அவளையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, திட்டாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. "இது பெட்டிக்கு ஒட்டுற டேப்புங்க. இதோட பசை மையைத் தின்னுடும். கிழிஞ்ச தாள் கிழிஞ்சே இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

பிறகு உரிக்கக் கற்றுக்கொடுத்தாள். முடி உலர்த்துகிற மெஷினில் லேசான சூடு காட்ட வேண்டும். பசை இளகும்போது மெல்லிய தகடால் நுனியைக் கிளப்ப வேண்டும். இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். ஓர் அரிசி அகலம் தூக்கிவிட்டு நிறுத்த வேண்டும், மறுபடி சூடு, மறுபடி ஓர் அரிசி அகலம். டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து பல்லுக்குப் பூச்சு குழைக்கும் தட்டைக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டுவதற்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்ட தாளை உரிக்க நான்கு மணி நேரம் ஆனது.

"இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்," என்றார் டாக்டர். "நகராட்சிக்குத் தெரிஞ்சா ரூமைப் புடுங்கிடுவான். மொத்த வேலையும் போயிடும். எழுத்து போன தாளுக்கெல்லாம் தண்ணிக் கசிவுன்னு போட்டுக்கலாம். குழாய் கசிஞ்சது உண்மைதானே?"

குழாய் கசிந்தது உண்மைதான். அதனால் பட்டியலில் 'கசிவால் பழுது, படிக்க இயலவில்லை' என்று ஏறியது. ஒட்டக்கா மென்று விழுங்கினாள். ரூம் போய்விடும் என்ற பயத்தைவிட, 'அடடா' என்று சொன்ன எட்டு வாயும் என்ன சொல்லும் என்ற பயம்தான் பெரிது. அதை அவள் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவர் அன்றைக்கு டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அதிலிருந்து இரண்டு வருடமாக அவள் உரித்துக்கொண்டிருக்கிறாள். நூற்று நாற்பத்தொரு தாள் முடிந்திருக்கிறது. கண் எரிகிறது, தோள்பட்டை இறங்கிவிட்டது, விரல் நுனியில் பசை ஏறி, வீட்டில் சோறு பிசைந்தால்கூட அதன் வாடைதான். மற்றவர்கள் அவள் மேசையைக் கடந்து போகும்போது, "அக்கா இன்னும் ஒட்டிட்டே இருக்காங்க பாரு, ஓய்வே கிடையாது," என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் ஓர் அரிசி அகலம் தூக்குவாள்.

கண்டக்டர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

பஸ் கண்டக்டர், நாற்பத்தைந்து வயசுப் பெண். காலை ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு, தோளில் டிக்கெட் மெஷினை மாட்டிய வார் பதிந்த தடத்தோடு நேரே படியிறங்கி வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். நாள் முழுக்க நின்றவர்களுக்கு உட்கார்வதே ஒரு காரியம் என்பது பேக்கிங் பிரிவுக்காரிக்குத் தெரியும். ஒட்டக்கா தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க அம்மா ஒரு பிள்ளைங்க விடுதியில வளர்ந்தவங்க," என்று ஆரம்பித்தாள் கண்டக்டர். "நாலு வயசுல கொண்டுவந்து விட்டிருக்காங்க. விட்டது அவங்களோட அக்கா. கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து, வாசல்ல நிறுத்தி, இங்கேயே நில்லு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்களாம். வரவே இல்ல. இப்ப அம்மாவுக்கு உடம்பு முடியல, படுக்கைதான். டாக்டருங்க நாளை எண்ணச் சொல்லிட்டாங்க. அந்த அக்கா பேரு என்னன்னு கேக்கறாங்க. தினமும் கேக்கறாங்க."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"அக்காவை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா? அக்கான்னுதான் கூப்பிட்டிருக்காங்க. நாலு வயசுப் பிள்ளைக்கு வேற என்ன தெரியும்?"

ஒட்டக்கா தகட்டைக் கீழே வைத்தாள். பதினோரு வருடமாகத் தன்னை அக்கா என்று கூப்பிடுகிற இந்த அறையில் எத்தனை பேருக்குத் தன் பெயர் தெரியும் என்று ஒரு கணம் நினைப்பு ஓடியது. ஓட்டத்தை அடக்கிக்கொண்டு, "தெரு, கதவு எண் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

விடுதியின் சேர்க்கைப் பதிவில் இருந்ததாம். கண்டக்டர் ஒரு பழைய டிக்கெட்டின் பின்புறம் எழுதி வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் தட்டிப் பார்த்தார். தெரு வந்தது, கதவு எண் வந்தது, நேரே எதிரில் அந்த வாக்கியமும் வந்தது. கசிவால் பழுது, படிக்க இயலவில்லை.

"அடப்பாவமே. தண்ணியில போயிருச்சும்மா," என்றார் அவர். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

கண்டக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாள் இருக்கா? தாளாவது இருக்கா?"

டாக்டர் தன் மூலையிலிருந்து எழுந்து வந்தார். இருக்கும், ஆனால் பார்த்துப் பிரயோசனமில்லை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. பதினோரு வருடமாகத் தன் கைக்காசில் டீ வாங்கித் தருகிறவர், அந்த அறை மூடப்பட்டால் மறுநாளே படுத்துவிடுவார்.

ஒட்டக்கா அலமாரிகள் பக்கம் திரும்பினாள். அலமாரியைத் திறக்காமலே தெரியும், தண்ணீரில் போனதாக எழுதின தாள் எல்லாம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று. "சனிக்கிழமை வாம்மா," என்று அவள் வாய் தானாகச் சொன்னது. "நான் ஒரு முயற்சி பண்ணிப் பாக்கறேன். டேப்பு ஒட்டியிருக்கும், அதை எடுத்துட்டா அடியில தெரியலாம்."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

அன்றைக்கே எடுத்தாள். கிழிசல் மேலிருந்து கீழாக, பெயர் எழுதுகிற இடத்தை நட்ட நடுவில் பிளந்துகொண்டு ஓடியிருந்தது. அதன் மேல் ஒரு பட்டை டேப். ஓரத்தில் நைந்திருந்ததால் அங்கேயும் ஒரு பட்டை. அவள் கைதான், சந்தேகமே இல்லை. நுனி நுனியாகச் சரியாக வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல், பார்த்தவர்கள் மெச்சுகிற மாதிரி ஒட்டியிருந்தாள். அவளுக்கு அந்த நேர்த்தியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

செவ்வாய் சாயங்காலம் வரை, வழக்கத்தைவிட மெதுவாக, அரை அரிசி அகலமாக உரித்தாள். புதன், வியாழன் குழு நாள் இல்லை, சாவி வாங்கிக்கொண்டு போய் உரித்தாள். "அந்தப் பொண்ணு யாரு உனக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "யாரும் இல்ல," என்றாள். வெள்ளிக்கிழமை அவர் கேட்காமலே கூட வந்து, படியில் அவள் பையைத் தூக்கிக்கொண்டார். அடித்தளத்தை அண்ணாந்து ஒரு சுற்று பார்த்துவிட்டு, இங்கே ஒரு சின்ன லிஃப்ட் போட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தார். பிறகு மெஷினை அவர் பிடித்துக்கொண்டார், அவள் தூக்கினாள்.

பெயர்ப் பட்டை மத்தியானத்துக்கு முழுதாக வந்துவிட்டது. கூடவே மையும் வந்துவிட்டது. டேப்பின் பசைக்குள் ஒரு நீலக் கலங்கல், எழுத்து என்று சொல்ல முடியாத மேகம். தாளில் வெறும் வெண்மை. அவள் வெளிச்சத்தில் பிடித்தாள், சாய்த்துப் பிடித்தாள், கண்ணாடியைக் கழற்றிப் பிடித்தாள். வீட்டுக்காரர் தன் கண்ணாடியைக் கொடுத்தார். ஒன்றுமில்லை.

"சொல்லிடு," என்றார் அவர்.

"ரூம் போயிடும்ங்க."

"தண்ணி மேல பழியைப் போடறே. தண்ணி வந்து பதில் சொல்லாது, அதான் தைரியம்." சொல்லிவிட்டு அவர் மறுபடி மெஷினைக் கையில் எடுத்தார். ஓரத்துப் பட்டையை இரண்டு பேரும் சேர்ந்து உரித்து முடித்தார்கள். அடியில் பென்சில் அப்படியே இருந்தது, பசை தின்றது மையை மட்டும்தான். அவள் அப்போதிருந்த நிலையில் அதைப் படிக்கக்கூட இல்லை. பெயர் இல்லாத தாளில் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சனிக்கிழமை கண்டக்டர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். அன்று எல்லாரும் இருந்தார்கள். டாக்டர் முந்திக்கொண்டு எழுந்தார். "அம்மா, நாங்க எவ்வளவோ பாத்தோம், அந்தக் கசிவு..."

"தண்ணி இல்ல டாக்டர்," என்றாள் ஒட்டக்கா.

அவள் குரல் பெரிதாக எழவில்லை, ஆனால் எல்லாத் தலையும் திரும்பியது. அவள் தாளை மேசையில் விரித்தாள். பக்கத்தில் உரித்த டேப்பை வைத்தாள்.

"இந்தத் தாள் கிழிஞ்சிருந்துச்சும்மா. பேரெல்லாம் நல்லாத் தெரிஞ்சுச்சு. நான்தான் டேப் போட்டு ஒட்டினேன். அது பெட்டிக்குப் போடற டேப்பு, அந்தப் பசை மையைத் தின்னுடுச்சு. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். தண்ணின்னு எழுதி வச்சிருக்கோம், அது பொய். நான் தொடாம இருந்திருந்தா உங்க பெரியம்மா பேரு இங்க இருந்திருக்கும்."

டாக்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, "டேப் வாங்கிட்டு வந்தது நான்தான்," என்றார். அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

ஒட்டக்கா எதற்கும் தயாராக இருந்தாள். கத்துவாள், தாளைத் தூக்கிக்கொண்டு மேலே அதிகாரியிடம் போவாள், அழுவாள், எதுவானாலும் நின்று வாங்கிக்கொள்வது என்று ராத்திரியே முடிவு செய்திருந்தாள். கண்டக்டர் அதில் ஒன்றும் செய்யவில்லை. டேப்பைத் தூக்கிப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பிறகு ஒட்டக்காவைப் பார்த்தாள்.

"எப்படி ஒட்டுவீங்க? சும்மா ஒட்டிடுவீங்களா?"

"இல்லம்மா. ரெண்டு பக்கத்தையும் எழுத்து சேர்ற மாதிரி பொருத்தி..."

"அப்ப எழுத்தைப் பாத்துதான் ஒட்டியிருக்கீங்க."

"ஆமா."

"அப்ப அந்தப் பேரைக் கடைசியாப் படிச்சது நீங்கதானே அக்கா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் ஒட்டக்கா தயாராக இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட அவளுக்கு இது தோன்றியதில்லை.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க," என்றாள் கண்டக்டர். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ஒண்ணும் அவசரமில்ல. முழுப் பேரு வேணாம். முதல் எழுத்து போதும். அம்மா மீதியைப் புடிச்சுக்குவாங்க."

ஒட்டக்கா கண்ணை மூடினாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய மேசையைத் தேடிப் போனாள். ஃபேன் சத்தம் கிடைத்தது. புது டேப்பின் வாசனை கிடைத்தது. கட்டைவிரலுக்கு அடியில் விளிம்பு சேர்கிற சுகம் கிடைத்தது, பின்னால் நின்று யாரோ 'அடடா' என்றது கிடைத்தது. பாதி வளைவும் மீதி வளைவும் ஒன்றோடொன்று பொருந்துவது தெரிந்தது. எந்த எழுத்தின் வளைவு? அறுநூற்றுப் பன்னிரண்டு தாள், அதில் ஆயிரக்கணக்கில் பெயர். அவள் அவற்றைப் பொருத்தினாளே தவிரப் படிக்கவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பேக்கிங்காரி பார்ப்பதில்லை.

ஒரு பெயரைச் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. மறைப்பானேன், நூறு பெயர் நாக்கு நுனியில் நின்றது. அந்தக் காலத்துப் பெண் பெயராக ஒன்றைச் சொன்னால், படுக்கையில் இருக்கிறவள் அதைச் சொல்லிக்கொண்டே நிம்மதியாகப் போவாள். யாருக்கு நஷ்டம்? கண்ணைத் திறந்தபோது கண்டக்டர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றாள் ஒட்டக்கா. "ஞாபகம் இல்ல. ஒரு எழுத்துகூட இல்ல. என்னை மன்னிச்சிடு." அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதாள். பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவள் அழுதது அப்போதுதான்.

கண்டக்டர் தலையை ஆட்டினாள். "கோபப்படணும்னுதான் இருக்கு அக்கா. காலையில நாலு மணிக்கு எழுந்தவ நான். தெம்பில்ல."

கிளம்பத்தான் எழுந்தாள். எழும்போது கை ஊன்றிய இடத்தில் பென்சில் எண்கள் இருந்தன. கண்டக்டர்களின் கண் எண்ணைக் கண்டால் சும்மா கடந்து போகாது. நின்ற வாக்கிலேயே, "இது என்ன, நாப்பத்தெட்டு?" என்று கேட்டாள்.

"பொறந்த வருஷம்," என்றார் டாக்டர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "பக்கத்துல 'பெ'ன்னு போட்டிருந்தா பெண் குழந்தை. பெருக்கல் குறி போட்டிருந்தா இறந்துட்டாங்கன்னு அர்த்தம், அதுக்கு அடுத்து இருக்கறது இறந்த வருஷம்."

மேலே அப்பா, பெருக்கல் குறி, ஐம்பத்தாறு. அம்மா, பெருக்கல் குறி, ஐம்பத்தேழு. அதற்குக் கீழே மூன்றே வரி. நாற்பத்தெட்டு, பெ. ஐம்பத்தொன்று, ஆண், அதே வருடத்திலேயே பெருக்கல் குறி. ஐம்பத்து மூன்று, பெ.

"அம்பத்து மூணு எங்க அம்மா," என்றாள் கண்டக்டர். "விடுதியில சேத்தது அம்பத்தேழு. அம்மாவுக்கு நாலு." விரலை மேலே நகர்த்தினாள். நூறு பயணிக்குச் சில்லறை கணக்குப் போடுகிறவள், இந்தச் சின்னக் கழித்தலில் நின்றுபோனாள். "அக்காவுக்கு ஒம்பது."

மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒம்பது வயசா? பெரிய பொம்பளைன்னுல்ல அம்மா சொல்லிட்டு இருந்தாங்க. ஒசரமா இருந்தா, என்னை வச்சுக் காப்பாத்த மனசில்லாம தள்ளிட்டுப் போயிட்டான்னு. இத்தனை வருஷமா திட்டித் தீத்தாங்க. பேரைக் கேக்கறதுகூட, சாகறதுக்குள்ள ஒரு தடவை பேரைச் சொல்லித் திட்டணும்னுதான்."

யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். கண்டக்டர் அந்த எண்களை ஒரு டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டாள். டாக்டர் கம்ப்யூட்டரில் இருந்தவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து, 'கசிவால் பழுது' என்பதை அழித்துவிட்டு, 'எங்கள் ஒட்டு வேலையால் பெயர்கள் அழிந்தன' என்று ஒரு விரலால் தட்டினார். ரூம் போனால் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 'அடடா' சொன்ன எட்டு வாயில் ஒன்றிரண்டு அன்றைக்கு ஒட்டக்காவிடம் பேசவில்லை. அதை அவள் எதிர்பார்த்துதான் இருந்தாள். அறையைப் பிடுங்க யாரும் வரவில்லை, இதுவரை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் நூற்று நாற்பத்து மூன்றாவது தாளில் இருந்தபோது கண்டக்டர் மறுபடி வந்தாள். வேலையாக இல்லை. போகிற வழியில் ஒரு நிமிடம்.

"அம்மாகிட்ட சொன்னேன் அக்கா. பேரு கிடைக்கலைன்னு சொன்னேன். வருஷத்தைச் சொன்னேன்."

ஒட்டக்கா மெஷினை அணைத்தாள்.

"சுவர் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கிட்டாங்க. தூங்கிட்டாங்கன்னு நினைச்சேன். அப்புறம் கண்ணைத் திறந்து, 'ஒம்பது வயசுப் பிள்ளையா அது?'ன்னாங்க. ஆமாம்மான்னேன். அப்புறம் அழ ஆரம்பிச்சுட்டாங்க. 'வர்றப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு வந்துச்சு. திரும்பிப் போறப்ப அந்தப் பிள்ளை கையை யாரு புடிச்சிருப்பா?'ன்னு அதையே கேட்டுட்டு இருக்காங்க அக்கா. நேத்து ராத்திரியில இருந்து அதைத்தான் கேக்கறாங்க."

கண்டக்டருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, படியேறிப் போனாள். ஒட்டக்கா தகட்டைக் கையில் எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள். அன்றைக்கு ஓர் அரிசி அகலம்கூட அவள் உரிக்கவில்லை.